மூணு ஆழாக்கு, ரெண்டு ஆழாக்கு: எடை குறைக்கிற ஆர்வம் ஏன் மூணாவது வாரத்துல காணாமப் போகுது?

இந்த எபிசோடை செவ்வாப்பேட்டையில எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுநடுவுல ரயில் சத்தம் கேட்கும். சென்னை - அரக்கோணம் லைன் பக்கத்துலதான் போகுது. எடிட்டிங்ல முடிஞ்ச அளவு குறைச்சிருக்கோம், மிச்சத்தைப் பொறுத்துக்கோங்க.

உங்க மெசேஜ்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "ப்ரோ, டயட் ஆரம்பிச்சா ரெண்டு வாரம் சூப்பரா போகுது. மூணாவது வாரம் விட்டுடறேன். மோட்டிவேஷனை எப்படித் தக்க வெச்சுக்கிறது?" இதுக்குப் பதில் சொல்ல நான் டாக்டரும் இல்ல, டயட்டீஷியனும் இல்ல. அம்பத்தூர் எஸ்டேட்ல வண்டி உதிரி பாகம் செய்ற ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்ஷன்ல வேலை பார்க்கிறவன். வயசு 29. பதினாலு மாசத்துக்கு முன்னாடி என் எடை 94 கிலோ. நான் எத்தனை தடவை தோத்தேன், எது வேலை செஞ்சுதுன்னு மட்டும்தான் சொல்லப் போறேன். சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க எதை மாத்துறதா இருந்தாலும் உங்க டாக்டரைக் கேட்டுட்டு மாத்துங்க.

மூணு ஷிஃப்ட், ஒரு பஜ்ஜிக் கடை

முதல்ல என் ஒரு நாள் எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடறேன். எங்களுக்கு மூணு ஷிஃப்ட். காலை ஆறுல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து பத்து, பத்துல இருந்து மறுநாள் காலை ஆறு. வாரத்துக்கு ஒண்ணு மாறும். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன்ல லோக்கல் பிடிச்சு பட்டரவாக்கத்துல இறங்கி நடந்தா கம்பெனி. எக்ஸ்பிரஸ் எல்லாம் நம்ம ஸ்டேஷனைத் திரும்பிக்கூட பார்க்காது. லோக்கலை விட்டா அடுத்த லோக்கல் வரைக்கும் நிக்கணும். நிக்கிற நேரத்துல வெளியில ஒரு கடை. எண்ணெய்ச் சட்டியில பஜ்ஜி மிதந்துட்டு இருக்கும். ஒரு டீ, ரெண்டு வாழைக்காய் பஜ்ஜி. அது பசிக்காகச் சாப்பிட்டது இல்ல. ட்ரெயின் லேட்டு, அதுக்காகச் சாப்பிட்டது.

நைட் ஷிஃப்ட்ல கதையே வேற. ராத்திரி ரெண்டு மணிக்கு கேன்டீன்ல சாதம், சாம்பார், பொரியல், அப்பளம். சாதம் எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கலாம். பொரியல் மட்டும் ஒரு கரண்டிதான். காலையில வீட்டுக்கு வந்தா அம்மா இட்லி ஊத்தி வெச்சிருப்பாங்க. அஞ்சு சாப்பிட்டுப் படுத்தா மதியம் ஒரு மணி. எழுந்த உடனே சாப்பாடு. தூக்கம் குறைஞ்சா பசி கூடும்ங்கிறதும், ராத்திரி நேரத்துல சாப்பிடுற மாவுச்சத்தை உடம்பு பகல் மாதிரி சமாளிக்காதுங்கிறதும் எனக்கு அப்போ தெரியாது.

இதுக்கு நடுவுல டயட்டும் பண்ணேன். ஒரு ஜனவரியில கீட்டோ. முட்டை, பனீர், வெண்ணெய்னு 23 நாள் ஓடுச்சு. அஞ்சு கிலோ குறைஞ்சுது. பொங்கலையே தாண்டிட்டேன். ஆனா வீட்டுல எல்லாரும் ரசம் சாதம் சாப்பிடும்போது நான் மட்டும் தனித்தட்டுல ஆம்லெட். 24ஆவது நாள் ஒரு கல்யாண வீட்டுல பந்தியில உட்கார்ந்தேன். அதோட முடிஞ்சுது. போன அஞ்சு கிலோ ஆறு கிலோவா திரும்பி வந்துச்சு. அடுத்தது ஆவடியில ஜிம். ஒரு வருஷ பணத்தை மொத்தமா கட்டினேன். பணம் கட்டினா போயிடுவோம்னு நமக்கு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க. மொத்தமா 19 நாள் போனேன். ஷிஃப்ட் மாறின வாரத்தோட சரி.

மயான வைராக்கியம்

அப்பா அம்பத்தூர்லயே லேத் ஓட்டினவர். சுகர் வந்து பதினஞ்சு வருஷம். போன வருஷம் கால் கட்டைவிரல்ல ஒரு சின்னப் புண். செருப்பு கடிச்சதுன்னு சொன்னார். வலி இல்லைன்னு ரெண்டு வாரம் விட்டுட்டார். வலி இல்லாததுதான் ஆபத்து. சுகர் நரம்பைப் பாதிச்சா காலுக்கு உணர்ச்சி குறைஞ்சுடும், புண் இருக்கிறதே தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது விரல் கறுத்திருந்துச்சு. எடுத்துட்டாங்க.

ஆபரேஷன் முடிஞ்சு வார்டுல படுத்திருந்தப்போ அப்பா பேசினது ஒரே விஷயம்தான். "ட்யூட்டிக்கு லீவு போட்டியா, சம்பளம் பிடிப்பாங்களா?" அதே மாசம் கம்பெனியில வருடாந்திர மெடிக்கல் செக்கப். என் ரிப்போர்ட் வந்துச்சு. எடை 94, இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர், ஹெச்பிஏ1சி 6.1. ஹெச்பிஏ1சிங்கிறது கடந்த ரெண்டு மூணு மாசத்துச் சராசரி சர்க்கரையைக் காட்டுற டெஸ்ட். 5.7ல இருந்து 6.4 வரைக்கும் இருந்தா ப்ரீ டயாபடீஸ். 6.5 தொட்டா சுகர்.

அன்னைக்கு ராத்திரி முடிவு பண்ணேன். இனிமே சோறே தொட மாட்டேன். நம்ம பெரியவங்க மூணு வைராக்கியம் சொல்வாங்க இல்லையா: புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம். சுடுகாட்டுல நிக்கும்போது உலகமே வெறுத்துப் போகும், வீட்டுக்கு வந்து குளிச்சா பசிக்கும். என்னோடது ஆஸ்பத்திரி வைராக்கியம். சரியா மூணு வாரம் இருந்துச்சு. அப்பா நடக்க ஆரம்பிச்சார், கட்டுப் பிரிச்சாங்க, எனக்கும் பயம் தெளிஞ்சுது. நைட் ஷிஃப்ட் கேன்டீன்ல தட்டு திரும்ப மலையாச்சு.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. அப்பா விரல் போன பயமே மூணு வாரம்தான் தாங்குதுன்னா, இன்ஸ்டாகிராம்ல பார்க்கிற மோட்டிவேஷன் ரீல் எத்தனை நாள் தாங்கும்? பயம், உற்சாகம், ரோஷம் எல்லாமே ஆரம்பிச்சு வைக்கும். ஓட்டிட்டுப் போக வேற ஏதோ வேணும்.

நீங்க மட்டும் இல்ல

இது என் சோம்பேறித்தனம்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். கொஞ்சம் கணக்கு பார்ப்போம். மத்திய அரசோட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21ல எடுத்தது. தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். ஆண்கள்ல 37 சதவீதம். அதுக்கு முந்தின 2015-16 கணக்கெடுப்புல பெண்கள் 30.9, ஆண்கள் 28.2. நாலஞ்சு வருஷத்துல இவ்வளவு பேர் திடீர்னு சோம்பேறி ஆகிட்டாங்களா என்ன? சாப்பாடு மாறியிருக்கு, வேலை மாறியிருக்கு, தூக்கம் மாறியிருக்கு.

2023ல ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு முடிவு வெளியாச்சு. சென்னையில இருக்கிற மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்தினது. இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சுகர். 13.6 கோடி பேர் என்னை மாதிரி வாசல்ல நிக்கிறவங்க.

இன்னொண்ணு. "நான் குண்டே இல்லையே"ன்னு சொல்ற நண்பர்களுக்கு. நம்ம உடல்வாகுல கை கால் ஒல்லியா இருந்தாலும் கொழுப்பு வயித்துல சேரும். அதனால இந்தியர்களுக்கு அளவுகோலே வேற. பிஎம்ஐ 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினா பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. எடை மெஷின் வேணாம், தையல் டேப் போதும். பேன்ட் சைஸை நம்பாதீங்க, நாம பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழதானே போடுறோம். டேப்பைத் தொப்புள் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

சென்னைக் குழு நடத்தின ரெண்டு ஆய்வு

என் மனசை மாத்தினது ஒரு ஆய்வு. சென்னையில டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்தினது. 2006ல முடிவு வெளியாச்சு. சுகர் வரப் போற நிலையில இருந்த 531 பேரை எடுத்து நாலு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்கு உணவு, நடையில மாற்றம். மத்த ரெண்டுல ஒண்ணுக்கு மாத்திரை, ஒண்ணுக்கு ரெண்டும். மூணு வருஷத்துல முதல் குழுவுல 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்துச்சு. வாழ்க்கை முறையை மாத்தின குழுவுல 39.3 சதவீதம். மாத்திரைக் குழுவுலயும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இதுல ஆச்சரியம் என்னன்னா, அந்த வாழ்க்கை முறைக் குழுவுல இருந்தவங்களுக்கு எடை பெருசா குறையவே இல்ல. எடை மெஷின்ல ஒண்ணும் தெரியல, ஆனா உள்ள வேலை நடந்துட்டு இருந்துச்சு. எடை குறைக்க வேணாம்னு இதுக்கு அர்த்தம் இல்ல. எடை குறையிறதும் நல்லதுதான். ஆனா மெஷின்ல முள்ளு நகரலைன்னு விட்டுட்டுப் போனோம் பாருங்க, அப்போ நாம எதைத் தூக்கிப் போட்டோம்னு யோசிங்க.

அதே குழு 2013ல இன்னொரு ஆய்வு வெளியிட்டாங்க. இது நம்ம ஆட்களுக்கே எடுத்த மாதிரி. 35ல இருந்து 55 வயசுக்குள்ள, வேலைக்குப் போற ஆண்கள் 537 பேர். எல்லாரும் சுகர் வாசல்ல நிக்கிறவங்க. எல்லாருக்கும் ஆரம்பத்துல ஒரே அறிவுரை. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலா செல்போன்ல எஸ்எம்எஸ். வாரத்துக்குச் சில மெசேஜ், சாப்பாடு பத்தி, நடை பத்தி, அவங்கவங்க எந்த மனநிலையில இருக்காங்களோ அதுக்கு ஏத்த மாதிரி. அவ்வளவுதான். ரெண்டு வருஷம் கழிச்சு மெசேஜ் வராத குழுவுல 27 சதவீதம் பேருக்கு சுகர். மெசேஜ் வந்த குழுவுல 18 சதவீதம்.

வெறும் எஸ்எம்எஸ்! அதுவும் சாதாரண போன்ல வர்றது. இதைப் படிச்சப்போ எனக்குப் புரிஞ்சது இதுதான்: யாரோ நம்மளை ஞாபகப்படுத்திட்டே இருந்தா, உள்ளுக்குள்ள நெருப்பு எரியணும்னு அவசியம் இல்ல.

நான் என்ன செஞ்சேன்

ஒண்ணு, கூட்டாளி. எங்க செக்ஷன்ல ரெண்டு பேர். ஒருத்தருக்கு பிரஷர், இன்னொருத்தருக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்துச்சு. மூணு பேரும் ஒரு வாட்ஸ்அப் குரூப். ஃபார்வர்டு கிடையாது, தத்துவம் கிடையாது, ஃபோட்டோ கிடையாது. தினமும் ஒரே கேள்வி: "இன்னைக்குக் காய் சாப்டியா?" பதில் ஆமா, இல்ல. இல்லைன்னு போட்டா யாரும் திட்டக் கூடாது. இந்த விதிதான் முக்கியம். திட்ட ஆரம்பிச்சிருந்தா நான் பொய் சொல்ல ஆரம்பிச்சிருப்பேன்.

ரெண்டு, டீ. ஒரு ஷிஃப்ட்டுக்கு நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. எட்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 35, 40 கிராம். வெளியில இருந்து சேர்க்கிற சர்க்கரை 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நான் டீயிலயே அதைத் தாண்டிட்டு இருந்தேன். ஒரேயடியா நிறுத்தல. முதல் மாசம் "அரைச் சக்கரை", அப்புறம் சக்கரை இல்லாம, கடைசியா நாலு டீ ரெண்டு டீ. மூணு வாரம் கஷாயம் மாதிரி இருந்துச்சு. இப்போ யாராவது சர்க்கரை போட்டுக் குடுத்தா பாயசம் மாதிரி இருக்கு.

மூணு, பஜ்ஜிக் கடை. அந்தக் கடையைத் தாண்டிப் போய்க்கிட்டே வேணாம்னு சொல்ற மனவலிமை எனக்கு இல்ல, ஒத்துக்கிறேன். அதனால பைக்கை வீட்டுல வெச்சுட்டு ஸ்டேஷனுக்கு நடந்து வர ஆரம்பிச்சேன். 25 நிமிஷம். ட்ரெயினுக்குச் சரியா வந்து சேர்ற மாதிரிக் கிளம்பினா கடையில நிக்க நேரமே இருக்காது. பையில ஒரு டப்பாவுல சுண்டல். வார நாள்ல பஜ்ஜி போச்சு. ஞாயித்துக்கிழமை நானே போய் ரெண்டு சாப்பிடுவேன், உட்கார்ந்து, ரசிச்சு.

நாலு, மெஷின். தினமும் ஏறிப் பார்க்கிறதை நிறுத்தினேன். ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டா உப்புக்குத் தண்ணி தேங்கி மறுநாள் ஒரு கிலோ கூடத் தெரியும். அது கொழுப்பு இல்ல. ஆனா அந்த ஒரு கிலோவைப் பார்த்து "எல்லாம் வேஸ்ட்"னு மூணு பரோட்டா சாப்பிட்ட நாள் எனக்கு உண்டு. இப்போ ஞாயித்துக்கிழமை காலையில ஒரு தடவை. மாசத்துக்கு ஒரு தடவை டேப்.

அம்மாவோட ஆழாக்கு

அஞ்சாவதுதான் பெருசு. எங்க வீட்டுல இன்னமும் அரிசி அளக்கிறது ஆழாக்குல. பாட்டி காலத்துப் பித்தளை. மூணு பேருக்கு மதியத்துக்கு மூணு ஆழாக்கு, மேல ஒரு கைப்பிடி. யார் வந்தாலும் பத்தணும்னு அந்தக் கைப்பிடி. கிச்சன் தராசுல வெச்சுப் பார்த்தேன், ஒரு ஆழாக்கு 140 கிராம். அரிசியா 490 கலோரி கிட்ட.

நான் சோறு வேணாம்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் அம்மா முகம் சுருங்கிடும். "நான் சமைச்சதுல என்ன குறை?"ன்னு கேட்பாங்க. அவங்களுக்கு அது டயட் இல்ல, அவமானம். கீட்டோ சமயத்துல எங்களுக்குள்ள சண்டையே இதுதான்.

ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கி எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். மணி மூணு. அம்மா தரையில உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருந்தாங்க. நான் வேணாம்னு ஒதுக்கின சோறு, அப்பா மிச்சம் வெச்சது, எல்லாம் அவங்க தட்டுல. பொரியல் பாத்திரம் காலி. எங்க ரெண்டு பேருக்கும் காய் வெச்சது போக அவங்களுக்குச் சோறும் குழம்பும்தான். "ஏம்மா இவ்வளவு?"ன்னு கேட்டேன். "வீணாப் போகுதேடா. கொட்டவா முடியும்?"

எனக்குப் பேச்சு வரல. நான் எடை குறைக்க ஒதுக்குற ஒவ்வொரு பிடியும் அம்மா உடம்புக்குப் போயிட்டு இருந்திருக்கு. அவங்களுக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது. கம்பெனியில எனக்கு வருஷா வருஷம் செக்கப் இருக்கு. அப்பாவுக்கு டாக்டர் இருக்கார். அம்மாவுக்கு யாரும் ஒரு தடவை கூட டேப் வெச்சுப் பார்த்தது இல்ல. அந்த 40.4 சதவீதத்துல எங்க அம்மாவும் ஒருத்தங்கன்னு, வயசுக் கணக்குல அவங்க வரமாட்டாங்கன்னாலும், அன்னைக்குத்தான் தோணுச்சு.

மறுநாள் நான் எனக்குச் சோறு வேணாம்னு சொல்லல. "அம்மா, நாளையில இருந்து ரெண்டு ஆழாக்கு போடு. அப்பா காலுக்கு டாக்டர் சொன்னார் இல்ல, மூணு பேருமே குறைப்போம். காய் நான் வாங்கிட்டு வரேன்"னு கேட்டேன். உடனே ஒத்துக்கல. "ரெண்டு ஆழாக்குல ஒரு வீடு சாப்பிடுமா?"ன்னாங்க. நாலு நாள் மூணாவது ஆழாக்கை எடுத்து, பார்த்து, திரும்ப டப்பாவுல கொட்டினாங்க. அப்புறம் பழகிடுச்சு. திருவள்ளூர்ல இறங்கி நான் கீரை, அவரை, முள்ளங்கி, புடலங்காய்னு தூக்கிட்டு வருவேன். பருப்பு கெட்டியாச்சு. பொரியல் மூணு தட்டுலயும் பாதியாச்சு. தனித்தட்டு போச்சு. மூணு மணிக்குத் தரையில உட்கார்ந்து மிச்சம் சாப்பிட மிச்சமே இல்ல.

திரும்ப விழுந்தது

எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைக்காதீங்க. தீபாவளி வந்துச்சு, கம்பெனி ஸ்வீட் பாக்ஸ் வந்துச்சு, மழையில நடை நின்னுது, ரெண்டு வாரம் ஓவர்டைம். மூணரை கிலோ ஏறிடுச்சு. குரூப்ல பதினோரு நாள் தொடர்ந்து "இல்ல". பன்னெண்டாவது நாள் பிரஷர்காரர் போட்டார்: "பரவால்ல, இன்னைக்கு என்ன காய்?" நான் "வெண்டைக்காய்"னு போட்டேன். அவ்வளவுதான் திரும்பி வந்தது. திங்கட்கிழமைக்கோ, ஒண்ணாம் தேதிக்கோ, தை பொறக்கட்டும்னோ காத்திருக்கல. அடுத்த வேளைச் சாப்பாடுதான்.

அதுக்கப்புறம் ஒரு மூணு மாசம் எடை நகரவே இல்ல. உடம்பு குறைஞ்சா அது எரிக்கிற கலோரியும் குறையும், பசியும் கூடும். அது இயற்கை, நம்ம தப்பு இல்ல. அந்த மூணு மாசத்தைத் தாண்டினது உற்சாகத்தால இல்ல. அரிசி ரெண்டு ஆழாக்குதான் வேகுது, டீயில சர்க்கரை இல்ல, பைக் வீட்டுல நிக்குது. நான் சலிச்சுப் போய் உட்கார்ந்திருந்தாலும் அதெல்லாம் பாட்டுக்கு நடந்துட்டு இருந்துச்சு.

இப்போ நிலவரம். எடை 86. இடுப்பு 95, இன்னும் 90க்குள்ள வரல. ஹெச்பிஏ1சி 5.7, வாசல்படியிலயேதான் நிக்கிறேன், ஆனா வெளிப்பக்கமாத் திரும்பி நிக்கிறேன். பதினாலு மாசத்துக்கு எட்டு கிலோங்கிறது ரீல் போடுற அளவுக்கு ஒண்ணும் இல்ல. அம்மா எடையைச் சொல்ல மாட்டேன், சொன்னா அடிப்பாங்க. ஆனா போன மாசம் இந்த மாடிக்கு அவங்களே ஏறி வந்து துணி காயப்போட்டாங்க.

உங்களுக்கு ஒரு வேலை குடுக்கிறேன். நாளைக்கு டயட் ஆரம்பிக்காதீங்க. உங்க வீட்டுல ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி வேகுது, எவ்வளவு எண்ணெய் தீருது, கடைசியில யார் உட்கார்ந்து என்ன சாப்பிடுறாங்கன்னு மட்டும் பாருங்க. பி.ஜி.யில இருக்கிறவங்க, ரூம்ல இருக்கிறவங்க, ஆர்டர் ஹிஸ்டரியைத் திறந்து எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஆர்டர் போடுறீங்கன்னு பாருங்க. அதுல ஒரே ஒரு இடத்தை மாத்துங்க. கூட ஒருத்தரைச் சேர்த்துக்கோங்க. என்ன மாத்தினீங்கன்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல நைட் ஷிஃப்ட் தூக்கம் பத்திப் பேசுவோம். இதோ, ட்ரெயின் வருது, சத்தம் கேட்குதா? எனக்கும் ரெண்டு மணி ஷிஃப்ட். நடந்து போகணும், கிளம்பறேன்.